பெயர் பொறிக்க 89 ஆண்டு

திருமுருகன்பூண்டியில் டீ குடிப்பவர்கள் உளிச் சத்தத்தையும் சேர்த்தே குடிக்கிறார்கள். சாலையோரத்தில் சிற்பப் பட்டறைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கண் திறக்காத பிள்ளையார், இடுப்புவரை மட்டும் உருவம் வந்த அம்மன், இன்னும் வெறுங்கல்லாகவே கிடக்கும் நந்தி எல்லாம் வெயிலில் காத்துக் கிடக்க, அவற்றைத் தாண்டி பனியன் கம்பெனி வேன்கள் திருப்பூருக்குப் பறக்கும். நான் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே ஒரு கடையில் வந்து உட்கார்ந்தால் பழைய மாணவன் எவனாவது வந்து சேர்ந்துவிடுவான்.

அன்று வந்தவன் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையரைப் பார்க்க லண்டன் போய்த் திரும்பியிருந்தான். நடுவில் ஒரு நாள் சும்மா கிடைத்ததாம். ரயிலேறி பிரைட்டன் கடற்கரைக்குப் போயிருக்கிறான். கைபேசியை என் முன்னால் நீட்டினான்.

"ஏனுங்க சார், இது என்ன கட்டடமுங்க? பாத்தா வடநாட்டு அரண்மனையாட்டம் இருக்குது. ஆனா இங்கிலாந்துல கடலோரத்துல நிக்குது. தெக்கு வாசல்ல, இது இந்தியா கொடுத்த காணிக்கைன்னு எழுதியிருக்குது. உள்ள போனா, தலைப்பாகை கட்டுன சிப்பாய்ங்க வரிசையாக் கட்டில்ல படுத்திருக்கற படம்."

எதிர்ப் பட்டறையில் கோயில் படிக்கல் ஒன்றில் உபயதாரர் பெயரை வெட்டிக்கொண்டிருந்த பெரியவரும் அந்நேரம் டீக்கு எழுந்து வந்தார். புருவத்தில் கல்தூள். அவரும் குனிந்து படத்தைப் பார்த்தார்.

"சித்த உக்காரு கண்ணு. மூணு டீ சொல்லு," என்றேன்.

கட்டடத்தின் கதை சின்னதுதான். ராயல் பெவிலியன் என்று பெயர். இங்கிலாந்து இளவரசராக இருந்த ஜார்ஜ், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர், கடற்காற்று வாங்கத் தங்குவதற்காக 1787-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. 1815-இலிருந்து ஏழெட்டு ஆண்டுகள் அதை மாற்றிக் கட்டி, குவிமாடமும் மினாருமாக இந்த உருவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர். அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரு ஓவியர்கள் நம் மதுரைவரை வந்து சுற்றி வரைந்துகொண்டு போய் வெளியிட்ட இந்தியக் காட்சிப் படங்களை வைத்துத்தான் அவர் வடிவம் பிடித்தார். விக்டோரியா ராணிக்கு அந்த வீடு ஒத்துவரவில்லை. 1850-இல் பிரைட்டன் நகரம் அதைச் சுமார் 53,000 பவுனுக்கு வாங்கிக்கொண்டது. "வித்தது 1850-ல. இதை மறந்துடாதே, பின்னால வேணும்," என்றேன் பையனிடம்.

இனி போர். 1914 ஆகஸ்டில் பிரிட்டன் ஜெர்மனிமேல் போர் அறிவித்தபோது அதன் நிலைப்படை சின்னது. ஜெர்மானியர்கள் பெல்ஜியத்தைத் தாண்டி பிரான்சுக்குள் வந்துவிட்டார்கள். ஆள் வேண்டும், உடனே வேண்டும். பயிற்சி பெற்ற சிப்பாய்கள் தயாராக இருந்த இடம் இந்தியா. லாகூர் டிவிஷன், மீரட் டிவிஷன் என்ற இரண்டு காலாட்படைப் பிரிவுகள் கப்பலேறின. முதல் பிரிவு செப்டம்பர் கடைசியில் மார்சே துறைமுகத்தில் இறங்கியது. அக்டோபர் முடிவதற்குள் அவர்கள் பெல்ஜிய எல்லையில் குண்டுக்கு முன்னால் நின்றார்கள்.

"நீ துணியில பிழைக்கறவன், உனக்கு இது புரியும்," என்றேன். அவர்களில் பலர் போட்டிருந்தது வெப்பநாட்டுக்கென்று தைத்த பருத்திக் காக்கி. முதல் மழை, முதல் பனி, முழங்கால் அளவு சேற்றுக் குழி, எல்லாம் அந்தப் பருத்திச் சட்டையோடு. கம்பளி உடுப்பு பிந்தி வந்தது. அதைத் திரட்டி அனுப்பவே லண்டனில் இந்தியச் சிப்பாய்கள் நிதி என்று ஒன்றைத் தொடங்கி, கம்பளி பனியனும் காலுறையும் மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். பஞ்சாப் வெயிலிலும் கார்வால் மலையிலும் வளர்ந்தவர்கள், ஊர்ப்பெயர்கூட வாயில் நுழையாத ஒரு நிலத்தில் அந்த முதல் குளிர்காலத்தைத் தாங்கினார்கள். 1915 மார்ச்சில் நூவ் ஷப்பேல் என்ற பிரெஞ்சு கிராமத்தில் நடந்த தாக்குதலில் தாக்கிய படையில் பாதி இந்தியர்கள்.

அடிபட்டவர்களை எங்கே கொண்டுபோவது? இந்தியா ஒரு மாதக் கடல்வழி. இங்கிலாந்தின் தென்கரை கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான். பிரைட்டனில் மூன்று இடங்களை மருத்துவமனை ஆக்கினார்கள். ஒன்று இந்தப் பெவிலியன். பக்கத்தில் அரசரின் குதிரை லாயமாக இருந்த டோம் மண்டபமும் அதையொட்டிய கட்டடமும் இதோடு சேர்ந்தவை. இரண்டாவது ஒரு பள்ளிக்கூடம். மூன்றாவது ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதி. அதற்குக் கிச்சனர் மருத்துவமனை என்று பெயர் வைத்தார்கள். மூன்றிலுமாகச் சுமார் 12,000 இந்தியர் சிகிச்சை பெற்றார்கள். பெவிலியனில் மட்டும் 724 படுக்கைகள். 1914 டிசம்பரில் முதல் நோயாளிகள் வந்தார்கள். அரசர் விருந்துண்ட கூடத்திலும் இசை கேட்ட கூடத்திலும் சரவிளக்குகளுக்கு அடியில் இரும்புக் கட்டில்கள். அரண்மனையின் பெரிய சமையலறை அறுவைச் சிகிச்சைக் கூடம் ஆயிற்று.

"அப்ப சோறு எங்கீங்க ஆக்குனாங்க?" என்று பெரியவர் கேட்டார்.

எனக்கும் அந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். தோட்டத்தில் ஒன்பது சமையல்கூடங்கள் கட்டினார்கள். முஸ்லிம்களுக்குத் தனி, கறி தின்னும் இந்துக்களுக்குத் தனி, சைவக்காரர்களுக்குத் தனி, சீக்கியர்களுக்குத் தனி. ஆடு அறுப்பதற்கும் அவரவர் முறைப்படி தனித்தனி இடம். வார்டுகளில் இந்துக்களுக்கு ஒரு குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு குழாய். அறிவிப்புப் பலகைகள் உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில். புல்வெளியில் சீக்கியர்களுக்குக் குருத்வாராவாக ஒரு கூடாரம்; முஸ்லிம்கள் மெக்கா திசை பார்த்துத் தொழ ஓர் இடம். மாளிகையை மருத்துவமனையாக மாற்ற ஆனது இரண்டு வாரத்துக்கும் குறைவு. இதை ஏற்பாடு செய்தவர்கள் மெனக்கெட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடிபட்டுக் கிடப்பவனுக்கு அவன் வீட்டுச் சோறு போல ஒரு சோறு கிடைப்பது பாதி மருந்து. நகர மேயர் ஜான் ஓட்டர் இதில் உண்மையான அக்கறை காட்டிய மனிதர்.

ஆனால் இந்தக் கதை இத்தோடு நின்றுவிடக் கூடாது. பெவிலியனை நம் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் அரசியல் கணக்கும் இருந்தது. "அரசர் தன்னுடைய சொந்த அரண்மனையையே காலி செய்து இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டார்" என்று பரப்பினார்கள். அப்படி நம்பிய சிப்பாய்கள் ஊருக்கு எழுதினார்கள். ஊரில் கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள்.

பையன் நிமிர்ந்தான். "1850-லயே வித்துட்டாங்கன்னு சொன்னீங்க."

அதேதான். அரசர் குடும்பத்துக்கு அந்த வீட்டில் 64 ஆண்டுகளாகச் சொந்தம் இல்லை. கொடுத்தது நகராட்சி. ஆனாலும் குவிமாடத்துக்கு அடியில் படுத்திருக்கும் சிப்பாய்களின் படங்களை அஞ்சல் அட்டைகளாக அச்சிட்டு விற்றார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணியும் வந்து பார்த்தார்கள். 1915 ஆகஸ்டில் அந்தப் புல்வெளியில் வைத்தே ஜமேதார் மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் பதக்கத்தை மன்னர் அணிவித்தார். விஷவாயுவுக்கு நடுவே அதிகாரிகளைத் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றியவர் அவர். அவருடைய சகோதரர் மீர் மஸ்த் அதே ஆண்டில் போர்முனையைக் கடந்து ஜெர்மானியர் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். அந்தப் போர் ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பெவிலியனில் இந்தப் பளபளப்பு என்றால், ஊரின் இன்னொரு பக்கத்தில் கிச்சனர் மருத்துவமனையைச் சுற்றி முள்கம்பி. சிப்பாய்கள் வெளியே போகக் கூடாது, ஊர்ப் பெண்களோடு பேசிவிடக் கூடாது என்று அதன் தளபதி புரூஸ் சீட்டன் கட்டுப்பாடு வைத்தார். அந்தக் கட்டுப்பாடு பொறுக்காமல் இந்தியத் துணை மருத்துவர் ஒருவர் தளபதியைச் சுட முயன்று சிறைக்குப் போனார். ஆங்கிலச் செவிலியர்கள் இந்தியர்களின் படுக்கையருகே நின்று பணி செய்வதையும் ராணுவம் விரும்பவில்லை.

சிப்பாய்களுக்கு இருந்த பெரிய மனக்குறை வேறு. புண் ஆறியதும் திரும்பவும் போர்முனைக்கு அனுப்பினார்கள். ஒருமுறை அடிபட்டுப் பிழைத்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது இடி. கடிதங்கள் எல்லாம் தணிக்கை அதிகாரிகள் கைபட்டுத்தான் போகும். அதனால் மறைபொருளில் எழுதினார்கள். கருப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். கருப்பு தீர்ந்துகொண்டே வருகிறது என்று எழுதினால் வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். தணிக்கைக்காரர்களும் புரிந்துகொண்டு அதைப் படியெடுத்து வைத்தார்கள். அப்படிப் படியெடுத்ததால்தான் அந்தக் குரல்கள் இன்றைக்கு நமக்குக் கிடைக்கின்றன.

டீ ஆறிப்போயிருந்தது. கடைக்காரர் கேட்காமலே இன்னொரு சுற்று ஊற்றினார்.

"செத்தவங்களை என்னங்க பண்ணுனாங்க?" பெரியவர் கேட்டார்.

முஸ்லிம்களை வோக்கிங் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1889-இல் கட்டிய ஷாஜஹான் மசூதி இருக்கிறது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் அவர்களுக்கென்று ஓர் அடக்கத்தலம் அமைத்தார்கள். இந்துக்களையும் சீக்கியர்களையும் எரிக்க வேண்டும். பிரைட்டனுக்கு வடக்கே பாச்சம் என்ற சிற்றூருக்கு மேலே புல்வெளிக் குன்றுகள். ஆள் நடமாட்டம் இல்லாத ஓரிடத்தைத் தேர்ந்து, சிமெண்டுத் தளங்கள் போட்டு, அவற்றின்மேல் விறகடுக்கி எரித்தார்கள். 1914 டிசம்பரிலிருந்து 1915 டிசம்பர்வரை 53 பேர். சாம்பலைக் கீழே கொண்டுபோய் ஆங்கிலக் கால்வாயில் கரைத்தார்கள். எல்லாக் கடலும் ஒன்றோடொன்று கலந்ததுதானே என்று உடனிருந்தவர்கள் தேற்றிக்கொண்டிருப்பார்கள் என நான் நினைத்துக்கொள்வேன்.

இங்கே சுகா என்ற ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. பரேலியைச் சேர்ந்த துப்புரவுத் தொழிலாளி. பிரைட்டனுக்கு மேற்கே பிராக்கன்ஹர்ஸ்ட் கிராமத்தில் இருந்த லேடி ஹார்டிங் மருத்துவமனையில் வேலை. 1915 ஜனவரி 12-ஆம் தேதி இறந்தார். வயது 30. தீண்டத்தகாதவர் என்று இந்துக்கள் எரிக்க மறுத்தார்கள். எங்கள் மார்க்கத்தவர் இல்லை என்று முஸ்லிம் அடக்கத்தலத்திலும் இடம் கிடைக்கவில்லை. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். பிணத்தைக்கூட அது விடவில்லை. கடைசியில் அந்தக் கிராமத்துப் பாதிரியார் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத்து வளாகத்தில் இடம் கொடுத்தார். ஊர் மக்கள் கல் நட்டார்கள். அந்தக் கல்லில் அவர் பெயர் இருக்கிறது, அவர் தெரு இருக்கிறது, ஊர் இருக்கிறது, வயது இருக்கிறது.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பேரோடயா?" என்றார்.

பேரோடு.

"அந்த 53 பேருக்கு?"

அதற்குத்தான் வருகிறேன் என்றேன்.

குன்றின்மேல் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்ற யோசனையை எழுப்பியவர் இந்திய மருத்துவப் பணியில் லெப்டினன்ட் ஆக இருந்த தாஸ் குப்தா. மேயர் ஓட்டர் அதைப் பிடித்துக்கொண்டு முன்னெடுத்தார். வடிவமைத்தவர் பம்பாயைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் ஈ. சி. ஹென்ரிக்ஸ். ஜெய்ப்பூரில் பல காலம் பொறியாளராக இருந்த ஸ்விண்டன் ஜேக்கப் மேற்பார்வை பார்த்தார். இந்தியா ஆபீசும் பிரைட்டன் நகராட்சியும் செலவைப் பகிர்ந்துகொண்டன. 1921 பிப்ரவரி 1-ஆம் தேதி வேல்ஸ் இளவரசர் எட்வர்டு வந்து திறந்துவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் திறந்துவைத்ததுதான் பையன் படம் எடுத்து வந்த தெற்கு வாசல்.

குன்றின்மேல் நிற்பதற்குச் சத்ரி என்று பெயர். குடை என்று பொருள். வட இந்தியாவில் அரசர்களை எரித்த இடத்தில் கட்டும் குடை மண்டபத்தின் வடிவம். பையன் கைபேசியில் தேடிப் படத்தை எடுத்துக் காட்டினான். பெரியவர் வாங்கி, கண்ணருகே வைத்து, விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"எட்டுக்கால் மண்டபம்," என்றார். "சலவைக்கல். தூண் அடியில சதுரம், மேல போகப் போக எட்டுப்பட்டை. ஒழுங்காப் பண்ணியிருக்கறாங்க. உசரம் எவ்வளவுங்க?"

29 அடி. சிசிலித் தீவிலிருந்து வந்த வெள்ளைச் சலவைக்கல். அதற்கு முன்னால் தரையில் மூன்று பெரிய கிரானைட் பலகைகள் பதித்திருக்கிறார்கள். சிதை எரிந்த சிமெண்டுத் தளங்களின்மேல் மூடிய கற்கள் அவை. இந்தி, உருது, பஞ்சாபி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் வாசகம் உண்டு. அந்த இடத்துக்கு வண்டிப் பாதை இல்லை. இன்றைக்கும் கடைசித் தூரத்தைப் புல்வெளிமீது நடந்துதான் போக வேண்டும். ஆடுகள் மேயும், காற்று வீசும், கீழே கடல் தெரியும். அமைதியான இடம். ஆனால் 1921-இல் திறந்தபோது அந்தக் கல்லில் இறந்தவர் ஒருவரின் பெயரும் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் அந்தக் குன்றையே பிரிட்டிஷ் ராணுவம் சுடும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. பேரரசுக்காக மாண்டவர்களின் சின்னத்தில் அதே பேரரசின் தோட்டாக்கள் பாய்ந்தன. போர் முடிந்த பின் பழுதுபார்த்தார்கள். 1951 முதல் முன்னாள் படைவீரர்களின் சங்கமான பிரிட்டிஷ் லீஜன் ஆண்டுதோறும் அங்கே போய் அஞ்சலி செலுத்தியது. வயதானவர்கள் குன்றேற முடியாமல் 1999-ஓடு அது நின்றது. அப்படியே விட்டிருந்தால் சத்ரி ஆட்டுக்குட்டிகளுக்கு நிழலாக மட்டும் நின்றிருக்கும். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், சீக்கியர், அது நிற்கக் கூடாது என்று 2000-இலிருந்து மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார். இப்போது ஒவ்வொரு ஜூன் மாதமும் நூற்றுக்கணக்கானவர்கள் அந்தப் புல்மேட்டில் ஏறுகிறார்கள். வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் அவரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

2010 செப்டம்பர் 26. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் சத்ரிக்கு அருகில் ஒரு கல்லைத் திறந்துவைத்தது. அங்கே எரித்த 53 பேரின் பெயர்களும் அதில் இருக்கின்றன.

"2010-ஆ?" என்றான் பையன். "நான் அப்ப ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தேன் சார்."

என் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். சத்ரி கட்டி 89 ஆண்டுகள் கழித்துப் பெயர் வந்தது. பட்டாளத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் எண் உண்டு, பதிவேடு உண்டு. பெயர் தெரியாமல் இல்லை. பொறிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுதான் காரணம். "மாண்ட இந்தியச் சிப்பாய்கள்" என்று மொத்தமாகச் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

பெரியவர் தன் பட்டறைப் பக்கம் கையைக் காட்டினார். "ஒரு படிக்கல்லுக்குக் காசு கொடுத்தவரு பேரையே நாங்க வெட்டறமுங்க. உசுரு கொடுத்தவன் பேரை வெட்டலைன்னா அது என்ன கல்லுங்க?"

அவர் சொன்னது நம் மண்ணின் பழைய சட்டம். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் நடுகற்கள் கிடைத்தன. தமிழ்-பிராமி எழுத்து, 2,000 ஆண்டுக்கு மேல் பழையவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் மாடு கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுக்கு நட்டது. சில சொற்கள்தான். அந்தச் சில சொற்களுக்குள் அவன் பெயர் இருக்கிறது: அந்தவன். சண்டை நடந்த ஊரும் இருக்கிறது. அரசன் பெயர் இல்லை. கல் நட்டவன் பெயரும் இல்லை. இறந்தவனின் பெயருக்காகத்தான் கல். நடுகல்லுக்குக் கல் தேர்வதிலிருந்து நட்டு வாழ்த்துவதுவரை ஆறு படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. அப்படி வாழ்த்துவதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டும்.

பையன் வெகுநேரமாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருந்தான். "நம்ம ஆளுங்க அங்க இருந்தாங்களா சார்? போர்டுல எங்கியும் தமிழே இல்லீங்களே."

மிகக் குறைவு. அதற்கும் காரணம் உண்டு. ராபர்ட்ஸ் என்று ஒரு தளபதி, 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்குத் தலைவர், பிறகு இந்தியா முழுமைக்கும் தலைவர். தெற்கத்தியர்கள் போருக்கு ஆக மாட்டார்கள், வடமேற்கு ஆட்கள்தான் வீரப் பரம்பரை என்பது அவர் முடிவு. அந்தக் கொள்கையால் மெட்ராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒன்றொன்றாகக் கலைந்தன, அல்லது அவற்றில் வடக்கத்தியர்களைச் சேர்த்தார்கள். ஆற்காட்டிலும் வந்தவாசியிலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சண்டை போட்டு ஜெயித்துக் கொடுத்தவர்களின் பேரன்களுக்கு அந்தப் பேச்சு. அதனால் 1914-இல் பிரான்சுக்குப் போன படையில் நம்மவர்கள் அரிது. பிரைட்டன் பலகைகளில் தமிழ் இல்லாததற்கு அதுதான் வழி.

கலைக்காமல் விட்ட ஒரு பிரிவு உண்டு. பாலம் கட்டவும் சுரங்கம் வெட்டவும் பாதை போடவும் தெரிந்த மெட்ராஸ் சாப்பர்ஸ். தொழில் தெரிந்த கைகளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்திய ராணுவத்தில் இன்றைக்கும் அவர்களைச் செல்லமாக எப்படிக் கூப்பிடுவார்கள் தெரியுமா? "தம்பி". வடநாட்டு அதிகாரிகளும் அந்தத் தமிழ்ச் சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள். அந்தத் தம்பிகள் முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு, இன்றைய ஈராக்குக்குப் போனார்கள். அடிபட்டவர்களைச் சுமந்து வர, சென்னை மாகாணத்து மக்கள் நன்கொடை திரட்டி "மெட்ராஸ்" என்ற மருத்துவமனைக் கப்பலையே நடத்தினார்கள்.

பிரைட்டனில் நடந்த அதே தவறு ஈராக்கில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. கல்லறை இல்லாமல் போனவர்களுக்காகப் பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். 40,000 பேருக்கு மேல் அதன் கணக்கில் அடக்கம். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர். இந்திய அதிகாரிகளுக்குப் பெயர். இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு, இந்தப் பிரிவில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். 2021-இல் போர்க் கல்லறை ஆணையமே இதை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், பெயரின்றியோ எந்த நினைவும் இன்றியோ விடப்பட்டார்கள். இன்னும் 45,000 முதல் 54,000 பேருக்கு, இந்தியர்களும் இதில் சேர்த்தி, சமமாகச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. அறிக்கை சொன்ன கணக்கு இது. பிரான்சில் நூவ் ஷப்பேல் நினைவுச் சின்னத்தில் 1927-இல் 4,700-க்கு மேற்பட்ட இந்தியப் பெயர்களைப் பொறித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே முடிந்தது பாஸ்ராவில் ஏன் முடியவில்லை என்பதற்கு என்ன காரணம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

இப்போது சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையைப் பாருங்கள். 1952-இல் அமைத்தது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, இன்றைக்கும் பார்க்க ஒழுங்காக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் இங்கே இறந்தவர்களின் கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு. முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து பல ஊர்களில் புதைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரும் அங்கே ஒரு சுவரில் உண்டு. நம்மிடம் வந்து தங்கி இறந்த வெளிநாட்டுச் சிப்பாயின் தாய் கப்பலேறி வந்தால் மகன் பெயரைத் தொட்டுப் பார்க்கலாம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். அதே உரிமை கார்வாலிலிருந்தும் வேலூரிலிருந்தும் போனவனின் தாய்க்கும் இருந்தது.

பெரியவர் எழுந்தார். படிக்கல்லில் பாதி எழுத்து மீதி இருக்கிறது, மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டும் என்றார். பையன் போகும்முன் ஒன்று சொன்னான். அவன் அம்மாவின் ஊரில், ஆத்தா வீட்டு மரப்பெட்டியில் பழைய வெள்ளி வட்டம் ஒன்று கிடக்கிறதாம். ராஜா தலை போட்டது. தாத்தாவின் அப்பா பட்டாளத்தில் இருந்ததாகப் பேச்சு. தோடு செய்ய உருக்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

அவனிடம் சொன்னதையே இதைப் படிக்கும் உங்களிடமும் சொல்கிறேன். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் வெளியே எடுங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஓர் ஆள், 1914, 1918 என்ற ஆண்டுகள் இருந்தால் அது முதல் உலகப் போரின் பதக்கம். சிப்பாய்க்கு வெள்ளியில் கொடுத்தார்கள்; கூலிப்படையில் போன பலருக்கு வெண்கலத்தில். முகப்பைப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். அதன் விளிம்பைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்புங்கள். பொடி எழுத்தில் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். போனவர் திரும்பி வராதவர் என்றால், போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடுங்கள். காசு கேட்க மாட்டார்கள். வெள்ளி விலை ஏறியிருக்கிறது என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் வீட்டு ஆளுக்கு எந்தக் கல்லிலும் பெயர் இல்லாமல் போயிருக்கலாம். இந்த விளிம்பில் இருக்கிறது.